ஜெமி சிரிக்காத படம்

இரும்பு கேட் தடதடவென்று அதிர்ந்தது. மாடியில் ப்ரொஜெக்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பொன்மலரின் கையிலிருந்து ரிமோட் நழுவி விழுந்தது. பேட்டரிகள் கழன்று மேஜைக்கடியில் உருண்டு போயின.

"கேட்டத் தொறக்கறீங்களா, இல்ல நாங்களே தொறந்துக்கட்டுமா?"

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஏரிக்கரைத் தெருப் பெண்கள் திரண்டு வந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு காலிச் சாக்கு. எல்லோருக்கும் முன்னால் முனியம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேட்டின் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சாக்குகளில்தான் ஷூவின் மேல்பாகங்கள் வரும். அப்பர் என்பார்கள். காலையில், ஃபேக்டரியிலிருந்து வேலை கொண்டுவரும் தபரேஸின் மினி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். பெண்கள் சாக்கோடு ஓடுவார்கள். வாசற்படியில் உட்கார்ந்து, மெழுகு நூல் கோத்த ஊசியால் அப்பரின் முன்நுனியில் மூக்குத் தையல் போட்டு, மறுநாள் வேனில் ஏற்றி அனுப்புவார்கள். ஆம்பூரில் மூக்கு தைத்த ஷூ கப்பலேறி, பையர் என்று அவர்கள் சொல்கிற வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போய், எங்கோ ஒரு குளிர்நாட்டுக் கடையின் கண்ணாடிக்குள் உட்கார்ந்துகொள்ளும். இந்த மாதம் பிறந்ததிலிருந்து வேன் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது அந்த ஊரில் மற்ற எவரையும்விடப் பொன்மலருக்கு நன்றாகத் தெரியும்.

கீழே இறங்கிப் போய்த் தானே கேட்டைத் திறந்தாள்.

"இன்னா முனியம்மாக்கா, காலங்காத்தாலயே?"

"வேலை இருக்கறவளுக்குத்தான் மேடம் காலங்காத்தால. எங்களுக்கு இப்ப எப்பவும் மத்தியானம்தான்." முனியம்மா கையிலிருந்த சாக்கை உதறினாள். தோல் தூசி பறந்தது. "சோபனா பொண்ணைப் போட்டோ புடிச்சது உங்க ஆபீஸ்தான?"

"நாங்கதான்க்கா."

"புடிச்சுக்கினு போய் ஒலகம் பூரா காட்டிட்டீங்க. ஆம்பூர்ல பச்சப் புள்ளைங்க ஷூ தைக்குதுன்னு பையர் சொல்லிட்டானாம். எனக்குப் புள்ளையே இல்ல. நானும் என் வூட்டுக்காரரும்தான். அவர வேணா தைக்கக் கூடாதுன்னு சொல்லச் சொல்லுங்க, சந்தோஷமா கேட்டுக்குவாரு. நான் எதுக்குச் சும்மா உக்காரணும்?"

பின்னால் நின்ற ஒருத்தி சிரித்தாள். அடுத்தவள் சிரிக்கவில்லை. "மேடத்த இன்னாத்துக்குக் கேக்கற? அந்தச் சோபனாவக் கேளு. புள்ள கைல ஊசியக் குடுத்து உக்கார வெச்சுக்கினு போஸ் குடுத்திருக்கா பாரு, அவளச் சொல்லணும்."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் பொன்மலர் வாயைத் திறந்தாள்.

"சார்கிட்ட பேசறேன்க்கா. எதுனா வழி பண்றோம்" என்றுதான் வெளியே வந்தது.

கைவிளக்கு அறக்கட்டளை ஒரு வாடகை அறையில் ஆரம்பித்தது. தேவானந்தம் சார் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, தோல் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஒரு பாய், ஒரு கரும்பலகை. இன்று மூன்று மாடிக் கட்டடம், ஊருக்குள் பல மாலைநேர மையங்கள், வாரத்துக்கு ஒரு பெரிய கம்பெனியிலிருந்து பார்வையாளர்கள். அந்த வளர்ச்சிக்குப் பாதிக் காரணம் பொன்மலர். நிதி திரட்டும் பிரிவுக்கு அவள்தான் தலைவி.

பணம் கேட்பது அவள் ரத்தத்தில் ஊறியது. அவள் அப்பா வேலூரில், கிறிஸ்தவக் கோயிலில், விளைச்சலைக் காணிக்கையாகக் கொடுக்கிற அறுப்பின் பண்டிகை வந்தால் அவற்றை ஏலம் விடுகிறவர். ஒரு சாதாரணப் பூசணிக்காயைக் கையில் தூக்கிக்கொண்டு, அதை விளைவித்த விதவையின் கதையை அவர் சொல்ல ஆரம்பித்தால், மார்க்கெட்டில் காய்க்குப் பேரம் பேசுகிற கஞ்சர்கள்கூடக் கையைத் தூக்கிவிடுவார்கள். 'காய விக்காத பாப்பா, கதைய வித்துடு' என்பார். பொன்மலர் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். பூசணிக்காயின் இடத்தில் பிள்ளைகளை வைத்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வருஷம் புதிய மையங்களுக்காக ஒரு வேண்டுகோள் தயாரிக்க வேண்டியிருந்தது. படம் தேடிக் கேமராவோடு ஏரிக்கரைத் தெருவுக்குப் போனாள். சோபனா வாசற்படியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஜெமி, மூன்றாம் வகுப்புக் கணக்கை மடியில் வைத்துக்கொண்டு, முன்பல் விழுந்த வாயால் கேமராவைப் பார்த்துச் சிரித்தது. அழகான படம்தான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து யாரும் பர்ஸைத் திறக்க மாட்டார்கள். சிரிக்கிற பிள்ளைக்கு என்ன குறை என்று நினைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"ஜெமி, இத ஒரு நிமிஷம் புடிம்மா" என்று சோபனாவின் மடியிலிருந்து ஒரு அப்பரையும் ஊசியையும் எடுத்துக் கொடுத்தாள்.

"அய்யோ, அது வேணாம் மேடம்" என்றாள் சோபனா. "நான் அவளத் தொடவே விடமாட்டேன். ஊசி பட்டுச்சுன்னா சீழ் வெச்சிடும்."

"போட்டோவுக்குத்தான் சோபனா. ஒரே நிமிஷம்."

ஊசியைப் பிடித்த பிறகும் ஜெமி சிரித்துக்கொண்டேயிருந்தது. புது விளையாட்டு கிடைத்த சந்தோஷம். எத்தனை தடவை எடுத்தாலும் பல் தெரிந்தது. பொன்மலர் குனிந்து அதன் காதில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். சிரிப்பு நின்றது. படம் எடுத்துவிட்டாள்.

அந்த வாக்கியத்தை அவள் எவரிடமும் சொன்னதில்லை. அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் அந்த இடம் வந்ததும் தாண்டிவிடுவாள், சாக்கடையைத் தாண்டுகிற மாதிரி.

'பள்ளி விட்டு வந்ததும் இவள் பேனாவை அல்ல, ஊசியை எடுக்கிறாள்' என்று படத்துக்குக் கீழே எழுதினாள். நன்கொடை கொட்டியது. மூன்றாம் மாடி அப்படித்தான் எழுந்தது. பிள்ளைகளின் அடையாளம் தெரியக் கூடாது என்று அறக்கட்டளையில் விதி இருந்தது. அதையும் அவள் மீறவில்லை; ஜெமியின் கண்களை மறைத்துத்தான் படத்தை வெளியிட்டாள். ஷூவுக்கும் முகம் உண்டு என்பதுதான் அவளுக்குத் தோன்றவில்லை. வெயில் பட்ட அந்த அப்பரின் மூக்குத் தையலும் பக்கத்தில் பதித்திருந்த கம்பெனிக் குறியும் பளிச்சென்று தெரிந்தன. கடல் தாண்டி யாரோ ஒருவர் அதைப் பார்த்து, இது எங்கள் ஷூ அல்லவா என்று கேட்டுவிட்டார். ஃபேக்டரிக்குக் கடிதம் வந்தது. வேன் நின்றது.

பெண்களை அனுப்பிவிட்டுத் தேவானந்தம் சாரின் அறைக்குப் போனாள்.

"சார், அந்த ஊசிய நான்தான் குடுத்தேன். அந்தப் புள்ள தைக்கல. தைக்கவே தெரியாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இத நீ எங்கிட்ட சொல்லல பொன்மலர்."

"சார்?"

"சொல்லலன்னு வெச்சுக்கறேன். வெள்ளிக்கிழம பெங்களூர்லருந்து பணம் குடுக்கற கம்பெனி ஆளுங்க வர்றாங்க. நாம படத்த ஜோடிச்சோம்னு ஒரு பேச்சு வந்தா, அவங்க மட்டுமா போவாங்க? எல்லாரும் போவாங்க. சாயங்காலம் நம்ம சென்டருக்கு வர்ற புள்ளைங்கள எங்கம்மா அனுப்புவே?" கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரல் இறங்கியது. "தெருவுல கஷ்டப்படறாங்க, ஒத்துக்கறேன். அரிசி, பருப்பு, எண்ணெய் குடுப்போம். வேலை போன தாய்மார்களுக்குன்னு ஒரு அப்பீல் போடேன். நீ எழுதுனா வந்துடும்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் அவரோடு சண்டை போட்டாவது தன் நெஞ்சைக் கொஞ்சம் காலி செய்திருப்பாள்.

உட்கார்ந்து எழுதினாள். வராது என்று நினைத்தாள். விரல்களுக்கு வெட்கம் கிடையாது, தடையில்லாமல் ஓடின. 'இன்று காலை எங்கள் வாசலில் காலிச் சாக்குகளோடு தாய்மார்கள் நின்றார்கள்' என்று தொடங்கினாள். நல்ல தொடக்கம். மாலைக்குள் பணம் வர ஆரம்பித்தது. வீட்டுக்கு நெருப்பு வைத்ததும் அவள்தான், அதை அணைக்கத் தண்ணீர் கேட்டு ஊரைக் கூட்டியதும் அவள்தான். செல்போன் 'டிங்' 'டிங்' என்றுகொண்டேயிருந்தது; அதைக் கவிழ்த்து வைத்தாள்.

அரிசிப் பை கொடுக்கிற அன்று, வழக்கம்போல் ஆபீஸ் பெண் ஒருத்தி படமெடுக்கச் செல்போனைத் தூக்கினாள். முனியம்மா சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"படம் வேணாம்மா. போன படத்துக்கே அடுப்பு அணைஞ்சு போச்சு."

சோபனா வரிசைக்கு வரவில்லை. அவளுக்கான பையை எடுத்துக்கொண்டு பொன்மலரே ஏரிக்கரைத் தெருவுக்குப் போனாள்.

குழாயடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. ஒரு பச்சைக் குடம் மட்டும் வரிசையை விட்டுத் தள்ளி, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. யாருடையது என்று பொன்மலர் கேட்கவில்லை. சோபனா அதே வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். தைத்துத் தைத்துப் பழகிய கைகள், வேலையில்லாமல் சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தன.

"வாங்க மேடம். நீங்க ஏன் தூக்கிக்கினு வந்தீங்க?"

"நீ ஏன் வர்ல?"

"நான் வந்தா அவங்க வரிசைய விட்டுப் போய்டுவாங்க. அவங்களாவது வாங்கட்டும்." சோபனா பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "தெருவுல கேட்டாங்க மேடம். புள்ள வெளையாட்டுக்கு எடுத்துச்சு, அந்த நேரம் பாத்து போட்டோல வுழுந்துடுச்சுன்னு சொல்லிட்டேன். உங்க பேர இழுக்கல."

"ஏன் சோபனா? நான் குடுத்தேன்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லிட்டு? உங்க சென்டர மூடிட்டா இவ எங்க போவா?" ஜெமி உள்ளே தரையில் படுத்துக்கொண்டு எதையோ வரைந்துகொண்டிருந்தது. "இவங்கப்பா பைபாஸ்ல லாரி அடிச்சுப் போனாரில்ல, அதுக்கப்புறம் இவ வாயே தொறக்கல மேடம். பக்கத்து வூட்டுப் புள்ளைங்க கூப்ட்டாலும் போவாது. உங்க சென்டருக்கு வந்துதான் மறுபடியும் சிரிக்க ஆரம்பிச்சுது. அத நான் மறப்பேனா?"

அந்தச் சாவுக்குப் பொன்மலரும் வந்திருந்தாள். மாலை போட்டாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கவுன் போட்டுக்கொண்டு நின்ற ஜெமியைத் தூக்கி வைத்துக்கொண்டதும் அவள்தான்.

"அக்கா, பாருங்க, பல்லு மொளைச்சிடுச்சு." ஜெமி ஓடிவந்து வாயை 'ஈ' என்று விரித்துக் காட்டியது. புதுப்பல் பெரிதாக, ஓரம் ரம்பம் மாதிரி இருந்தது. பொன்மலர் அந்தப் பல்லைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தெருமுனையில் ஹாரன் கேட்டது. குழாயடிப் பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். வேனின் பின்பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றார்கள். தபரேஸ் வண்டியை விட்டு இறங்கி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நேராகச் சோபனா வீட்டுக்கு வந்தான்.

"நீங்களும் இங்கதான் இருக்கீங்களா மேடம்? தோதாப் போச்சு. வியாழக்கிழம பையர் சைடுலருந்து ஆடிட் மேடம் வர்றாங்க. பாப்பாவ நேர்ல கேப்பாங்களாம். பாப்பாவுக்கு நம்பிக்கையான ஆள் ஒருத்தர் பக்கத்துல இருக்கணுமாம். உங்க பேரக் குடுத்திருக்கேன். எடமும் உங்க ஆபீஸ்தான்."

"என் பேரையா?"

"வேற யாரு மேடம்? புள்ளைங்களுக்கு நல்லது பண்றவங்க இந்த ஊர்ல நீங்கதான?"

"கேட்டுட்டு?"

"புள்ள தைக்கலன்னு அவங்களுக்குத் தெளிவாய்ட்டா மறுநாளே வேன் வரும். சந்தேகம்னா அவ்ளோதான். வேலைய மொத்தமா ஃபேக்டரி ஷெட்டுக்கு எடுத்துக்கினு போய்டுவாங்க. அங்க வர்ற பொம்பளைங்க வேற ஊரு. இந்தத் தெருவுக்கு நான் வந்தா சும்மா சலாம் சொல்லத்தான் வரணும்." தபரேஸ் ஜெமியின் தலையில் தட்டினான். "பாப்பா கைலதான் இருக்கு. பேஜார் பண்ணிடாத கண்ணு."

அவன் போனதும் சோபனா மகளை முன்னால் நிறுத்தினாள். "கேட்டா இன்னா சொல்லுவ?"

"வெளையாட்டுக்கு எடுத்தேன்." ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிக்கிற மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு சொன்னது ஜெமி.

"அக்கா பேரு?"

"சொல்ல மாட்டேன்."

சோபனா பெருமையோடு பொன்மலரைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை காலை, கீழ்த்தள ஹாலில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஒரு சின்ன மேஜையைப் போட்டிருந்தார்கள். சுவர் முழுக்கப் பிள்ளைகள் வரைந்த சூரியன்கள். வெளியே கேட்டுக்கு அந்தப் பக்கம் முனியம்மாவும் மற்றவர்களும், கையில் சாக்கோடு. தேவானந்தம் சார் வராந்தாவில் நின்றார். உள்ளே நுழையப் போன பொன்மலரின் பக்கத்தில் வந்து, "பாப்பா பேசட்டும். நீ பக்கத்துல உக்காந்தா போதும்" என்றார்.

ஆடிட் பெண்மணி சென்னையிலிருந்து வந்திருந்தாள். காட்டன் சேலை, மெல்லிய குரல். ஜெமிக்கு ஒரு சாக்லேட் கொடுத்தாள். பள்ளிக்கூடம், டீச்சர், பிடித்த பாடம் என்று கொஞ்சம் சுற்றிவிட்டு, டேப்லெட்டை மேஜைமேல் வைத்து அந்தப் படத்தைத் திறந்தாள்.

"இது நீதானே கண்ணு?"

"ஆமா மிஸ்."

"கையில என்ன?"

"அப்பர். வெளையாட்டுக்கு எடுத்தேன்." ஜெமி கையைக் கட்டிக்கொண்டது.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த சோபனா மூச்சு விட்டாள். ஆடிட் பெண்மணி படத்தைப் பெரிதாக்கினாள். கண்கள் மறைந்த முகத்தில் வாய் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. உதடுகள் இறுகி, ஓரம் கீழே இழுத்துக்கொண்டு, அழுகைக்கு முந்தின நிமிஷத்து வாய்.

"விளையாடற புள்ளைக்கு வாய் இப்படியா இருக்கும்?"

கட்டியிருந்த கையை ஜெமி அவிழ்த்தது. இந்தக் கேள்விக்கு அம்மா எதுவும் சொல்லித்தரவில்லை.

"பயப்படாத. தைக்கலன்னா அம்மா அடிப்பாங்களா? சாப்பாடு தர மாட்டாங்களா?"

"இல்ல மிஸ்." ஜெமி அம்மாவைப் பார்த்தது. பிறகு பொன்மலரைப் பார்த்தது. அந்தப் பார்வை இரண்டையும் ஆடிட் பெண்மணி கவனித்துவிட்டாள். தலையைக் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டாள். சோபனா எழுந்து நின்றாள், எழுந்து நின்று என்ன சொல்வது என்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தாள்.

வெளியே கேட்டில் ஒரு கம்பி லேசாக அதிர்ந்து அடங்கியது.

"அவ தைக்கல" என்றாள் பொன்மலர்.

"நீங்க சாட்சிக்குத்தான் இருக்கீங்க மேடம். குழந்தைக்கு எடுத்துக் குடுக்காதீங்க."

"சாட்சியாத்தான் சொல்றேன். இந்தப் படத்த எடுத்தது நான். புள்ள கணக்குப் போட்டுக்கிட்டு இருந்துச்சு. ஊசிய எடுத்து அது கைல குடுத்தவ நான்தான். வேணாம்னு அவங்கம்மா சொன்னாங்க, நான் கேக்கல. அந்தத் தெருவுல இவ ஊசியத் தொட்டது அந்த ஒரு நிமிஷம்தான்." நிறுத்த முடியவில்லை. "கீழ எழுதுனதும் நான்தான். அது பொய்."

வராந்தாவில் தேவானந்தம் சாரின் செருப்புச் சத்தம் கேட்டது. வாசல் வரை வந்து நின்றுவிட்டது. சோபனா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஆடிட் பெண்மணி பொன்மலரை நிதானமாகப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் யாரையாவது காப்பாற்ற எதையாவது ஒப்புக்கொள்வதைப் பார்த்த கண்கள்.

"இவங்கள காப்பாத்தறதுக்கு நீங்க இப்படிச் சொல்லலாம். ஊசிய நீங்க குடுத்தீங்க, சரி. விளையாட்டுக்குப் புடிச்ச ஊசின்னா, இந்த முகம் எங்கேருந்து வந்தது?"

பொன்மலர் வாயைத் திறந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம் என்று ஒரு நொடி முன்னால் நினைத்திருந்தாள். ஒன்று மீதி இருந்தது. மேஜைமேல் கிடந்த படத்தில் அந்தச் சின்ன வாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆடிட் பெண்மணி அவளை விட்டுவிட்டு ஜெமியின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு கண்ணு. இவங்க சொல்றது நெஜமா?"

அக்கா ஏதோ சிக்கலில் மாட்டிக்கொண்டது மட்டும் ஜெமிக்குப் புரிந்தது. பேரைச் சொல்லக் கூடாது என்று அம்மா சொன்னதெல்லாம் மறந்து போயிற்று. புதுப்பல் தெரிய, அக்காவுக்கு உதவி செய்கிற அவசரத்தில், வேகவேகமாகத் தலையாட்டிக்கொண்டு சொன்னது:

"நெஜம்தான் மிஸ், எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்ல, அப்பறம் அக்காதான் 'உங்கப்பாவப் பொட்டில வெச்சு மூடுனத நெனச்சுக்கோ'ன்னு காதுல சொன்னாங்க, ஒடனே படம் நல்லா வந்துடுச்சு."